தீக்கோழி என்ன தின்றது?

ஹெந்தளை

அன்புள்ள பிள்ளைக்கு,

காட்டுத் தீக்கோழியின் முட்டையும் பண்ணைத் தீக்கோழியின் முட்டையும் ஒன்றுதானே என்று கேட்டிருந்தீர். பண்ணையில் நேரத்துக்குத் தீன் கிடைப்பதால் அந்த முட்டைதான் சத்தானது என்று யாரோ உமக்குச் சொல்லியும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சு எனக்குப் பொறுக்காது.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறை, இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் ஓடு. வேறுபாடு மஞ்சட்கருவின் கொழுப்பில் இருக்கிறது. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. காட்டு முட்டையில் அல்பா லினோலெனிக் அமிலம் மிக அதிகம். பண்ணை முட்டையில் அது குறைந்து லினோலெயிக் அமிலம் கூடியிருந்தது. முன்னையது பச்சை இலையில் நிறைய உண்டு, பின்னையது தானியத்தில். குஞ்சின் மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்புக்கு இலையில் வரும் அமிலமே மூலப்பொருள். அடைகாக்கும் 42 நாளும் குஞ்சுக்கு வெளியிலிருந்து வருவது காற்று மட்டும். உணவெல்லாம் தாய் முட்டைக்குள் வைத்ததுதான். பண்ணையிலோ முட்டையை எடுக்க எடுக்கப் பேடு இட்டுக்கொண்டே இருக்கும்; ஒரு பருவத்தில் நாற்பது, ஐம்பது கூடப் போகும். அத்தனைக்கும் சத்து அந்தத் தீன் தொட்டியிலிருந்துதான் வரவேண்டும்.

முட்டையின் ஓடுகூடப் பறவை தின்ற தீனைச் சொல்லும். இதில் எனக்கு மிகப் பிடித்தது அவுஸ்திரேலிய ஈமுவின் கதை. எத்தனை தரம் வாசித்தாலும் அலுக்காது. ஆய்வாளர் கிஃபோர்ட் மில்லரும் கூட்டாளிகளும் ஐயர் ஏரிப் பக்கத்துப் பழைய ஈமு ஓடுகளில் காபன் சமதானிகளை அளந்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெப்பநிலப் புல்லின் காபன் ஒருவகை, செடி மர இலையின் காபன் வேறுவகை. தின்றது எதுவோ அதன் அடையாளம் ஓட்டின் சுண்ணாம்பில் ஏறிவிடும். 1,40,000 ஆண்டுக்கால ஓடுகளை வரிசைப்படுத்தியபோது, 50,000 முதல் 45,000 ஆண்டுகளுக்கு முன் ஈமுவின் உணவில் புல் குறைந்து செடி இலை மிகுந்தது தெரிந்தது. ஈமு சமாளித்தது. ஜெனியோர்னிஸ் என்ற இன்னொரு பறக்காத பெரும்பறவை அந்தக் காலத்தோடு அழிந்துபோயிற்று. ஒரு நாட்டின் மேய்ச்சல் மாறியதை விரல்நகம் அளவான ஓட்டுத்துண்டு காட்டிக்கொடுத்ததைப் பாரும்!

சோளமும் வெப்பநிலப் புல் வகைதான். பண்ணைப் பறவைக்குச் சோளத்தைக் கொட்டினால் அந்தக் காபனும் ஓட்டில் ஏறும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளும். மஞ்சட்கரு கடும் மஞ்சளாக இருந்தால் சத்து அதிகம் என்பார்கள். தீனில் நிறமி கலந்தாலே அந்த நிறம் வந்துவிடும். அதற்கும் நான் சொன்ன கொழுப்புக்கும் தொடர்பில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் ஊர்க்கோழி முட்டை என்று நீட்டினால் நிறத்தையும் பருமனையும் பார்த்து ஏமாறாதேயும். கோழி எங்கே மேய்ந்தது, என்ன தின்றது என்று கேளும். தீக்கோழி முட்டையானாலும் முதற்கேள்வி அதுதான்.

அன்புடன்,
உமது ஆசிரியர்