அவையில் எழுந்து பேசுதல்

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து விளங்கும் பழம்பதி வாலிகண்டபுரம். வாலி வழிபட்டான் என்று கூறப்படும் வாலீசுவரர் திருக்கோயில் அவ்வூருக்கு அணியாகும். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலமும் அதுவே. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் நாடு அது; வானத்தை நோக்கி வாழும் உழவர் பலர் உறையும் நாடு.

இத்தகைய ஊர்களில் வாழ்வோர் தம் குறைகளைத் தாமே எடுத்துரைப்பதற்கு ஓர் அவை உண்டு. அதுவே கிராம சபை. 1992ஆம் ஆண்டு நிறைவேறிய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்கு அடிப்படையாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினரே. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களில் அது கூடுதல் மரபு. 2022ஆம் ஆண்டில் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் அவற்றோடு சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் வரவு செலவு அங்கே படிக்கப்படும். செய்யத்தக்க பணிகள் அங்கே ஆராயப்படும்.

உரிமை இருப்பினும் அதனைப் பயன்கொள்ளும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தெருக்குழாயில் நீர் வாராத துன்பத்தை நாள்தோறும் நுகரும் தாய் ஒருத்தி, அதனை உரைக்க அவையில் எழுகிறாள் என்று கொள்வோம். பல கண்கள் தன்னை நோக்குவதைக் கண்டதும் அவள் நா உலர்கிறது. கூற வந்தது மறக்கிறது. "ஒன்றுமில்லை" என்று கூறி அமர்ந்துவிடுகிறாள். உரத்துப் பேசுவோரின் கருத்தே ஊரின் கருத்தாகப் பதிவேட்டில் ஏறுகிறது. குறை அவளுடைய அறிவில் இல்லை. பயிற்சி இன்மையே குறை. இந்நிலையை உணர்ந்தே போலும், சொல்வன்மைக்கும் அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் திருவள்ளுவர் தனித்தனி அதிகாரங்களை வகுத்தார்!

பேச்சாற்றல் பிறவியிலேயே அமைவது என்று பலர் கருதுவர். அது பிழை என்பதை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் வாழ்க்கை காட்டும். நல்லூரில் 1822ஆம் ஆண்டு பிறந்த அவர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியப் பணியும் புரிந்தார். கிறித்தவப் போதகர்கள் மக்கள் முன் நின்று உரையாற்றும் முறையை அவர் அருகிருந்து அறிந்தார். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் சொற்பொழிவை நிகழ்த்தினார். அன்றோடு அவர் நின்றுவிடவில்லை. வெள்ளிதோறும் அப்பணி தொடர்ந்தது. திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' என்னும் பட்டத்தை வழங்கியது 1849ஆம் ஆண்டிலேயாம். பட்டம் பின்னர் வந்தது. பயிற்சியே முன்னர் வந்தது.

தனியொருவர் முயன்று பெற்றதைப் பலர் கூடிப் பெறவும் வழியுண்டு. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் சாண்டா ஆனா என்னும் ஊரில், ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஒரு பேச்சு மன்றத்தைத் தொடங்கினார். உறுப்பினர் முறைவைத்துப் பேசுவர். முறைவைத்தே தலைமை தாங்குவர். ஒருவர் பேசி முடித்ததும் மற்றொருவர் அப்பேச்சின் நிறைகுறைகளை எடுத்துரைப்பார். கற்பிப்போரும் கற்போரும் அவர்களே. டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்னும் பெயரால் அவ்வமைப்பு இன்று உலகின் பல நாடுகளில் கிளைத்துள்ளது.

இத்தகைய மன்றம் ஒன்றை வாலிகண்டபுரம் போன்ற ஊரில் அமைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆர்வமுள்ள பத்துப் பேரும், பள்ளித் தாழ்வாரமோ மரநிழலோ ஓர் இடமும், ஒரு கடிகாரமும் போதும். வாரத்தில் ஒரு மாலையைக் குறித்துக் கொண்டு, அன்று தவறாது கூடுதல் வேண்டும். ஒருவர் தலைவராகவும், ஒருவர் நேரம் பார்ப்பவராகவும், ஒருவர் மதிப்புரை கூறுபவராகவும் அமைவர். அடுத்த வாரம் இப்பொறுப்புகள் கைமாறும். முதற்கண் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசினால் அமையும். பின்னர் ஐந்து நிமிடமாக்கலாம். ஏரியைத் தூர் வாருதல், வெங்காயத்தின் விலை வீழ்ச்சி, ஊர் நூலகம் என அறிந்த பொருளைப் பற்றிப் பேசுவதே தொடக்கத்திற்கு ஏற்றது. எழுதி வைத்துப் படித்தலைக் காட்டிலும், மூன்று குறிப்புகளை மனத்திற் கொண்டு பேசுதல் நன்று.

மதிப்புரை கூறுவோர்க்கும் ஒரு நெறி உண்டு. முதலில் பேச்சின் சிறப்பைக் கூறுக. பின் திருத்தத்தக்க ஒன்றைச் சுட்டுக. அதனைத் திருத்தும் வழியையும் உடன் உரைக்க. நாத் தடுமாறியவரைக் கண்டு நகைத்தல் மன்றத்தையே அழிக்கும் தீமையாம். இன்று நகைக்கப்பட்டவர் நாளை வாரார். அவரைக் கண்டு அஞ்சிய வேறு பலரும் வாரார்.

சொற்போர் நிகழும் நாள்களில், தமக்கு உடன்பாடில்லாத பக்கத்தை ஏற்றுப் பேசிப் பார்த்தலும் பயன் தரும். மாற்றார் கூற்றிலும் நியாயம் உண்டென்பது அப்பொழுது விளங்கும். ஆதலின் பேச்சு மன்றம் என்பது கேட்கும் மன்றமும் ஆகும். பிறர் பேசுவதைப் பொறுமையோடு கேளாதவர் நன்கு பேசவும் கல்லார்.

அழகாகப் பேசுதல் வேறு. உண்மையாகப் பேசுதல் வேறு. பொய்யை இனிமையாகக் கூறுவோனைவிட, மெய்யைத் தட்டுத் தடுமாறிக் கூறுவோனே ஊருக்கு உறுதுணை. அம்மெய்யைத் தடுமாறாது கூறச் செய்வதே மன்றத்தின் பணி.

கிராம சபையில் பேசும் உரிமை 18 வயது நிரம்பி, வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறும்பொழுது வருகிறது. அவ்வுரிமையை ஏற்கும் நாவோ அதற்கு முன்பே பழகியிருத்தல் வேண்டும். போர் வந்த அன்று வாள் பழகுதல் இயலாதன்றோ? பள்ளியின் இலக்கிய மன்றத்தில் இன்று இரண்டு நிமிடம் அஞ்சாது பேசும் மாணவி, நாளை தன் ஊர் அவையில் எழுந்து நிற்பாள். தனக்காக மட்டுமன்றி, "ஒன்றுமில்லை" என்று கூறி அமர்ந்த அத்தாய்க்காகவும் அவள் பேசுவாள்.