அறுந்துபோகும் என்று எண்ணியே கட்டு

மயிலாப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குத் தி. நகர் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வரைத் திறந்துவிடும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது. பழைய டயல்-அப் சர்வர்களைப் பற்றிப் படிப்பதால் இதற்குப் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறாய். நிச்சயம் உண்டு. தொலைவிலிருந்து வருபவரின் இணைப்பு எந்த நொடியும் அறுந்துபோகும் என்று எண்ணியே சர்வரைக் கட்ட வேண்டும். இந்தப் பாடத்தை டயல்-அப் சொல்லித்தருவது போல வேறெதுவும் சொல்லித்தராது.

1986-ல் தொடங்கிய எர்நெட் வலைப்பின்னலின் முதல் எட்டு நிறுவனங்களில் அடையாறை ஒட்டிய நம் ஐ.ஐ.டி.யும் ஒன்று. அதன் தொடக்ககால மின்னஞ்சலுக்குப் பயன்பட்டது யூயூசிபி முறை. ஒரு யூனிக்ஸ் இயந்திரம் இன்னொன்றைத் தொலைபேசியில் அழைக்கும், சேர்ந்திருக்கும் கடிதங்களைக் கொடுத்து வாங்கும், லைனை வைத்துவிடும். நடுவில் லைன் போனால் கடிதம் வரிசையில் காத்திருந்து அடுத்த அழைப்பில் போய்ச் சேரும். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, மலிவாகக் கிடைத்தது ஷெல் கணக்கு. வேலையெல்லாம் அங்கிருந்த யூனிக்ஸ் இயந்திரத்தில் நடக்கும், லைனில் வருவது எழுத்து மட்டுமே. கணக்குப் போட்டுப் பார். 9,600 பிட் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 960 எழுத்துகள் வரும். 80 பத்தி, 24 வரி கொண்ட திரை இரண்டே நொடியில் நிரம்பும். 100 கிலோபைட் படத்துக்கோ ஒன்றேமுக்கால் நிமிடம் வேண்டும். மெலிந்த லைனில் எதை அனுப்பலாம், எதைச் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அன்றைய அமைப்பு தெளிவாகப் பிரித்திருந்தது.

டயல்-அப் சர்வருக்குள் நடப்பதையும் பார். மோடம் மணியடித்ததும் எம்ஜெட்டி என்ற நிரல் அழைப்பை எடுக்கிறது, பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படுகின்றன, பிபிபி நிரல் ஒரு ஐ.பி. முகவரியைத் தருகிறது. இவை சுலபம். சிக்கல் லைன் அறுந்த பிறகுதான். லைன் இருப்பதைக் காட்டும் மோடத்தின் கேரியர் சமிக்ஞையைக் கவனிக்காதபடி சீரியல் போர்ட்டை அமைத்துவிட்டால், அழைத்தவர் போனது யூனிக்ஸுக்குத் தெரியாது. அவருடைய ஷெல் திறந்தே கிடக்கும். அடுத்து அழைப்பவர் கடவுச்சொல் கேட்கப்படாமலே அதற்குள் நுழைந்துவிடலாம். ஆகவே இணைப்பு முடிந்தது என்பதைச் சர்வர் எப்படி அறியும் என்பது பாதுகாப்புப் பிரச்சினை. இன்று நீ அமைக்கும் விபிஎன்னிலும் எஸ்எஸ்எச்சிலும் இதே கேள்வி காத்திருக்கிறது.

வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்துவிட்டதே என்பாய். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2016 டிசம்பர் வர்தா புயலிலும் சென்னை மின்சாரமும் தொடர்பும் இழந்து தவித்தது. வேகம் கூடியிருக்கிறதே தவிர, அறுந்துபோகும் குணம் மாறவில்லை. இணைப்பு அறும் ஒவ்வொரு முறையும் அமர்வை மூடினால் பாதி வேலை வீணாகுமே என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேலை நடக்கும் அமர்வையும் அதை எட்டும் வழியையும் பிரித்துவிடு. டிமக்ஸ் போன்ற நிரலுக்குள் வேலை சர்வரிலேயே உயிரோடு இருக்கட்டும், ஆனால் திரும்பி வருபவர் மறுபடி தன்னை நிரூபித்த பிறகே அதைத் தொடட்டும். இப்படி நிரூபிக்கக் கேட்பது டயல்-அப் காலத்திலும் தேவைப்பட்டது; தொலைபேசி எண் யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கை மட்டும் பாதுகாப்பாகிவிடாது. கடவுச்சொல்லை லைனில் அப்படியே அனுப்பாமல் சரிபார்க்கும் சாப் முறையும் அன்றே இருந்தது.

இதையெல்லாம் நீயே செய்து பார்க்க மோடம் தேடி அலைய வேண்டாம். இரண்டு கணினிகளை நல்-மோடம் கேபிளால் இணைத்து, லினக்ஸில் இன்றும் உள்ள பிபிபி நிரலை ஓட்டு. வேலை நடக்கும்போதே கேபிளைப் பிடுங்கு. எது மூடுகிறது, எது மூடாமல் நிற்கிறது, பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்று பார். இந்தச் சோதனையில் தேறும் வரை உன் சர்வரை ஊழியர்களுக்குத் திறந்துவிடாதே.

அன்புடன்,
பெரியப்பா