வரைபலகை

சொல்லால் விளங்காததைப் படம் விளக்கும். நீரிறைக்கும் பொறியைப் பழுது பார்ப்போர்க்கு அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் முறையைக் காட்டுவது விளக்கப்படமே. அப்படத்தில் ஒரு கோடு பிழைபடின் பொறி கெடும். அதனை இயக்குவோர்க்கும் ஊறு நேரலாம்.

முன்னர் இத்தகைய படங்களைத் தாளில் மையால் வரைந்தனர். உறுப்பொன்று மாறின், கோடுகளைச் சுரண்டி நீக்கியோ, படத்தையே புதிதாக வரைந்தோ திருத்த வேண்டியிருந்தது. இவ்வல்லலைக் குறைத்த கருவிகளுள் ஒன்று கணிப்பொறியோடு இணைந்த வரைபலகை. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தார் 1964ஆம் ஆண்டில் அறிவித்த பலகை, 10 அங்குலச் சதுரப் பரப்பில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைப் பிரித்தறிந்தது.

இக்காலப் பலகைகள் பலவற்றின் பரப்புக்கு அடியில் கம்பி வலை அமைந்துள்ளது. அதினின்று எழும் மின்காந்த அலை, எழுதுகோலினுள் இருக்கும் சுருளைத் தூண்டுகின்றது. சுருளும் மறு அலை எழுப்புகின்றது. அதனைக் கொண்டு, கோலின் முனை நிற்கும் இடத்தையும், கை அழுத்தும் அளவையும் பலகை உணர்கின்றது. ஆதலின், அவ்வெழுதுகோலுக்கு மின்கலமும் வேண்டுவதில்லை. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனி அடுக்கில் வரைந்துகொண்டால், மாறியதை மட்டும் திருத்தி, ஏனையவற்றை அவ்வாறே விடலாம்.

எனினும், பலகை கோட்டை ஏற்குமேயன்றி, அதன் மெய்ம்மையை ஆராயாது. திருகாணி வலம்புரியா, இடம்புரியா என்பதைப் பொறியைக் கழற்றிப் பார்த்தவரே அறிவர். இடம்புரியை வலம்புரியாக வரைந்துவிட்டால், எத்துணை நேரிய கோடாயினும் அது பொய்க்கோடே. ஆகவே, மாணவர்களே, கோலைக் கையிலெடுக்குமுன் பொருளைக் கண்ணாரக் கண்டு தெளியுங்கள்.