925ஐத் தேடாதீர்கள், சிங்கத்தைத் தேடுங்கள்

"ஸ்டெர்லிங் என்றால் 925 என்று குத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் முலாம்." ஆங்கிலேயரின் பழைய வெள்ளிப் பாத்திரங்களை மதிப்பிடும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. காது புளிப்பதோடு போனால் பரவாயில்லை. இதை நம்பி நல்ல சாமானை முலாம் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். எண் குத்திய நேற்றைய சாமானைப் பழையது என்று வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள்.

ஸ்டெர்லிங்கில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பது சரி. அந்த எண்ணைப் பாத்திரத்தில் குத்தியது எப்போது என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? 1544 முதல் இங்கிலாந்தில் தரத்துக்குச் சாட்சி, முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம். 1697 முதல் 1720 வரை தரத்தை 958.4 ஆக உயர்த்தியிருந்தபோது அந்த இடத்தில் பிரிட்டானியா என்ற பெண்ணின் உருவம். 1904இல் .925 என்ற எண் வந்தது. அதுவும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகி இங்கிலாந்தில் சோதிக்கப்பட்ட வெள்ளிக்கு. அதாவது, அக்கால முத்திரை வரிசையில் எண் இருந்தால் சாமான் இங்கிலாந்தில் செய்ததல்ல என்று பொருள்! உள்நாட்டுச் சாமானுக்கு எண் கட்டாயமானது 1999இல்தான். ஜார்ஜ் மன்னர்கள் காலத்து ஒயின் கோஸ்டரில் 925 இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

கோஸ்டரையே எடுத்துக்கொள்வோம். விருந்து முடிந்து மேசைவிரிப்பை எடுத்த பிறகு, மோகனி மர மேசைமீது டிகேன்டரை, அதாவது ஒயின் ஊற்றி வைத்த குடுவையை, கைமாற்றித் தள்ளிவிட உதவிய வட்டத் தட்டு அது. சுற்றுச்சுவர் வெள்ளி. அடி கடைந்த மரம். மேசையில் கீறல் விழாமலிருக்க அதன்கீழ் பச்சைக் கம்பளித் துணி. இதைத் தலைகீழாகத் திருப்பி, "எண்ணையும் காணோம், வெள்ளியையும் காணோம்" என்கிறவர்களிடம் என்ன சொல்வது? முத்திரை துணியிலா இருக்கும்? வெள்ளிச் சுவரின் கீழ்விளிம்பில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். 1790களில் லண்டனில் செய்ததென்றால் ஐந்து குத்துகள் இருக்கும்: சிங்கம், கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை, ஆண்டைக் காட்டும் எழுத்து, வரி கட்டியதற்கு மன்னர் தலை, செய்தவரின் முதலெழுத்துகள். லண்டன் சிங்கம் 1821 வரை முகத்தை நம் பக்கம் திருப்பியிருக்கும். அதன்பின் நடக்கும் திசையில் பார்க்கும். இத்தனை விவரத்தை விட்டுவிட்டா ஓர் எண்ணைத் தேடுவது?

"வரிசையாக நாலு முத்திரை இருந்தால் வெள்ளிதான்" என்பதும் தவறு. 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, இ, பி, என், எஸ் என்ற ஆங்கில எழுத்துகளைத் தனித்தனிக் கேடயத்துக்குள் குத்தி விற்றார்கள். தூரத்துப் பார்வைக்கு ஹால்மார்க் போலவே தெரியும். வெள்ளியில்லை, நிக்கல் கலந்த உலோகத்தின்மேல் முலாம்.

கறுத்தால் கலப்படமா? இல்லை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் ஸ்டெர்லிங்கும் கறுக்கும், முலாமும் கறுக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் வெள்ளியா? செம்பிலும் பித்தளையிலும்கூட ஒட்டாது. டிகேன்டர் கழுத்தில் சங்கிலியில் தொங்கும் பெயர்ப்பட்டையில் முழு வரிசை இல்லாவிட்டால் போலியா? அதற்கு முத்திரையைச் சட்டம் கட்டாயமாக்கியதே 1790இல்தான்.

இவற்றையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைப்பது பாலிஷ் பைத்தியம். பஃபிங் சக்கரத்தில் கொடுத்துக் கண்ணாடிபோல் ஆக்கினால் சிங்கம் வழுவழுப்பான மேடாகிவிடும், ஆண்டெழுத்து போயே போய்விடும். பாத்திரத்தில் பொறித்த வேறொரு குடும்பத்தின் சின்னம் நமக்கெதற்கு என்று அதை ராவி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பாத்திரம் யார் மேசையில் இருந்தது என்று சொல்ல மிஞ்சிய ஒரே தடயத்தை அழிக்க எப்படி மனம் வருகிறது? மென்மையான துணி, வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு போதும். கோஸ்டரின் மர அடியை மட்டும் நீரில் ஊறவிடாதீர்கள்.

வாங்கும்போது வெள்ளிமேல் வாயால் ஊதிப் பாருங்கள். ஒட்டுப்போட்ட இடம் இருந்தால் அந்த ஆவியில் கோடு தெரியும். கிளாரட் ஒயின் ஊற்றும் வெள்ளி ஜாடியின் வயிற்றைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். ஓரிடத்தில் மட்டும் தகடு நெளிந்தால் அங்கே சின்னத்தை ராவியிருக்கிறார்கள். விற்பவர் என்ன விலை குறைத்தாலும் அதை வாங்காதீர்கள்.