அளந்து குடிக்கும் தண்ணீரும் அளவற்ற நன்றியும்
பண்டிகைக் காலத்தில் சிறுநீரக நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும்

மார்கழியும் தையும் திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் பண்டிகைத் திங்கள்கள். அரங்கன் கோயிலில் பகல் பத்து, இராப்பத்து எனத் திருவிழா நீள்கிறது. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கிறது. லூர்து அன்னை ஆலயத்தில் கிறிஸ்துமஸ் வழிபாடு நடைபெறுகிறது. அடுத்துப் பொங்கல் வருகிறது. இத்தனை கொண்டாட்டங்களுக்கும் நடுவே, வாரத்தில் 2 அல்லது 3 நாள்கள், நாளுக்கு 4 மணி நேரம் டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவர்களும் நம் ஊரில் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே குடியிருந்தும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர்கள் அவர்கள். 'எங்களுக்கு நன்றி சொல்ல என்ன இருக்கிறது?' என்று அவர்கள் கேட்டால் அக்கேள்வி நியாயமானதே. அதற்கு மருத்துவம் அறிந்த அளவில் விடை காண முயல்வோம்.

நன்றியுணர்வு என்பது யாது?

நன்றியுணர்வில் இரு படிகள் உள்ளன. எனக்கு ஒரு நன்மை கிடைத்தது என்று உணர்வது முதற்படி. அந்நன்மை என்னால் மட்டும் விளைந்ததன்று, பிறரால் அல்லது இயற்கையால் வந்தது என்று ஏற்பது இரண்டாம் படி. பொங்கல் விழா இவ்விரண்டையும் செயலாகவே கற்பிக்கிறது. புத்தரிசி வீட்டுக்கு வந்ததும், அதற்குக் காரணமான கதிரவனையும் மாட்டையும் நினைக்கிறோம். உழவரின் கடன் தீர்ந்த பின்னரே பொங்கல் வைப்பது என்ற வழக்கம் இல்லை. துன்பம் இருக்கும்போதே நன்றிக்கும் இடம் உண்டு.

ஆய்வு கூறுவது

அமெரிக்க உளவியலாளர்களான எம்மன்சும் மெக்கல்லோவும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதன் ஒரு பகுதியில் நரம்புத்தசை நோயுள்ளவர்கள் பங்கேற்றனர். ஒரு குழுவினர் 21 நாள்கள், அன்றாடம் தாம் நன்றி பாராட்டும் செய்திகளைக் குறித்து வந்தனர். குறிக்காதவர்களைவிட அவர்களுக்கு மகிழ்ச்சியும் எதிர்கால நம்பிக்கையும் கூடின, உறக்கமும் மேம்பட்டது. அவர்களுடைய மாற்றத்தை உடன் வாழ்ந்தோரும் உணர்ந்தனர். ஆயினும் நோய் இதனால் குணமாயிற்று என்று அவ்வாய்வு கூறவில்லை. நன்றியுணர்வு மருந்துக்கு மாற்றாகாது. மருந்தோடு வாழும் நாளை எளிதாக்கும் துணை அது.

கண்ணுக்குத் தெரியாத நன்மைகள்

நலமான சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பித் தருகின்றன. ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. நலமாக இருப்பவர் இதை ஒருநாளும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்பணியின் ஒரு பகுதியைச் செய்யும் இயந்திரத்தை நெதர்லாந்தின் கம்பென் நகரில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் 1943-இல் உருவாக்கினார். நாடு போரில் சிக்கியிருந்த காலம் அது. கிடைத்த செலோஃபேன் குழாயைக் கொண்டே அவர் வடிகட்டியை அமைத்தார். தொடக்கத்தில் வந்த நோயாளிகளை அவரால் காப்பாற்ற இயலவில்லை. 1945-இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் உயிர் பிழைத்தார். இன்று ஒரு முறை டயாலிசிஸ் செய்வதற்கு ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரித்த நீர் இயந்திரத்தின் வழியே பாய்கிறது. அந்நீரைத் தூய்மை செய்பவர், ஃபிஸ்டுலா கையில் பதமாக ஊசியைச் செலுத்தும் டெக்னீஷியன், விடியற்காலையில் ஸ்கூட்டரில் அழைத்து வரும் மகன் எனப் பலருடைய உழைப்பு அந்த 4 மணி நேரத்துக்குள் அடங்கியுள்ளது.

பழகும் முறை

1. இரவு உறங்குமுன் மூன்று செய்திகளை எழுதுங்கள். 'குடும்பத்துக்கு நன்றி' என்று பொதுவாக எழுதுவதைவிட, 'இன்று மருமகள் எனக்கெனத் தனியே உப்புக் குறைத்துச் சமைத்தாள்' என்று குறிப்பாக எழுதுவது நலம்.

2. அவற்றுள் ஒன்றை உரியவரிடம் மறுநாள் வாயால் சொல்லுங்கள். நம் வீடுகளில் நன்றியை மனத்தில் வைத்திருப்போம், சொல்லக் கூச்சப்படுவோம். நோயாளியைப் பேணுபவர் பெரும்பாலும் இச்சொல்லுக்காக ஏங்கியிருப்பார்.

3. எழுத ஒன்றும் தோன்றாத நாளில் வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். அந்நாளை வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். 'உன்னைவிடத் துன்பப்படுபவர் எத்தனையோ பேர், நீ நன்றியோடு இரு' என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். பிறர் ஏவிப் பிறப்பது நன்றியன்று. அச்சொல் நோயாளியின் வாயை அடைத்துவிடும். அவர் அழுதால் அருகில் அமருங்கள். சோர்வும் உறக்கமின்மையும் எதிலும் நாட்டமின்மையும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் எங்களிடம் தெரிவியுங்கள். அது நன்றி மறந்த நிலையன்று. சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம்.

உடலுக்குச் செய்யும் நன்றி

பண்டிகைக்காக ஒரு முறை டயாலிசிஸைத் தள்ளிப்போடுவதே நாங்கள் மிகவும் அஞ்சுவது. அதனால் நுரையீரலில் நீர் கோக்கலாம். இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து இதயத் துடிப்பே நின்றுபோகலாம். பொங்கலன்று உங்கள் முறை வருமாயின் நேரத்தை மாற்றித் தர முன்கூட்டியே கேளுங்கள், முறையை விட்டுவிடாதீர்கள்.

கரும்புச் சாறு, இளநீர், வாழைப்பழம், கீரை ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. துவாதசிப் பாரணையில் இடம்பெறும் அகத்திக்கீரையும் இவ்வகையே. சர்க்கரைப் பொங்கலை நீரிழிவு இல்லாதவரும் ஓரிரு கரண்டியோடு நிறுத்துவது நலம். ஏகாதசி உபவாசம் இருக்க விரும்புவோர், குறிப்பாக இன்சுலின் போட்டுக்கொள்வோர், மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மூச்சுத்திணறல், திடீர்த் தசைத் தளர்ச்சி, படபடப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் விழா நாளென்று பாராமல் உடனே வாருங்கள்.

திருவரங்கம் கோயிலுக்குள் தன்வந்திரிக்கு ஒரு சன்னதி உண்டு. முற்காலத்தில் அங்கே ஆரோக்கியசாலை ஒன்று இயங்கியதைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. விழா நடக்கும் இடத்திலேயே பிணியாளருக்கும் இடம் வைத்திருந்த ஊர் இது. எனவே நோயுற்றவர் பண்டிகைக்குப் புறம்பானவர் அல்லர். பொங்கல் பொங்கும்போது அவரையும் பானை அருகில் அமர்த்துங்கள். அவருக்குரிய ஒரு கரண்டியை முதலில் அவர் கையில் கொடுங்கள். அளந்து வைத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிடாமல், சிறு சிறு மிடறாக நாள் முழுதும் அருந்தட்டும். அடுத்த முறை டயாலிசிஸுக்கு வரும்போது குறிப்பேட்டையும் உடன் கொண்டு வாருங்கள். விருப்பமிருந்தால் எங்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.