கட்டியும் சோதனையும்

மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவில் சுக்கும் மிளகும் மணக்கும். அங்குக் கிடங்கொன்றில் சுக்குப் புடைக்கும் தமிழ்த்தாய் ஒருத்தி, தன் மார்பில் சிறு கட்டியை உணர்கிறாள் என்று கொள்வோம். வலி இல்லை, ஆகவே மகளிடமும் கூறாது மறைக்கிறாள். வலியின்மையை நலத்தின் அடையாளமாகக் கொள்வது பெரும்பிழை.

மார்பகக் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர் நிறைந்த பைகளும், இளம்பெண்களுக்குத் தோன்றி விரலுக்கு நழுவி ஓடும் நார்க்கட்டிகளும் தீங்கற்றவை. எனினும் தொட்டுப் பார்த்த அளவில் இன்னதெனத் துணிய இயலாது. மருத்துவர் முதலில் மார்பையும் அக்குளையும் சோதிப்பார். பின்னர் மேமோகிராம் என்னும் ஊடுகதிர்ப்படம் எடுக்கப்படும்; இளையோர்க்கு மார்பகத் திசு அடர்ந்திருப்பதால் முதலில் ஸ்கேன் போதும். ஐயம் எழின், ஊசியால் சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வர். 'ஊசி பட்டால் நோய் பரவும்' என அஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடுவோர் உளர். அவ்வச்சம் தேவையற்றது, தாமதமே கேடு.

1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரே, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கச் செய்தது. அன்று அங்கிருந்தவை 12 படுக்கைகளே. மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அதனைவிட்டு அகலவில்லை.

ஒரு சொல் குறித்தும் கவனம் வேண்டும். மலையாளத்தில் 'கட்டி' என்பது தடிப்பையும் கனத்தையும் குறிக்கும். நம் கட்டியை அவர்கள் 'முழ' என்பர். மருத்துவமனையில் தாயின் சொல்லைச் செவிலியர்க்கு விளக்க வேண்டியவள் மகளே.

வினா: தாய் கட்டியை மறைத்தது ஏன்? மகள் அவளிடம் கூறத்தக்கதை ஐந்து தொடர்களில் எழுதுக.