பழைய எக்ஸ்ரே எங்கே?

"இதுக்கு முன்னாடி எடுத்த எக்ஸ்ரே ஏதாவது இருக்கா?"

டாக்டர் இப்படிக் கேட்டதும் நம்மில் பலர் சொல்கிற பதில்: "வீடு மாத்தும்போது தூக்கிப் போட்டுட்டோம் டாக்டர்!"

அவர் ஏன் கேட்கிறார் தெரியுமா? நெஞ்சுப் படத்தில் சின்னதாக ஒரு புள்ளி தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்கோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பா, இல்லை புதிதாக முளைத்ததா? ஒரே படத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். மூன்று வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே இடத்தில், அதே அளவில் அந்தப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பழைய படம் இல்லையா? சளிப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன், சிலருக்கு ஊசி மூலம் சதை எடுத்துப் பார்ப்பது என்று அலைச்சல்தான். பட்டாசு மருந்தோடும் தூசியோடும் வேலை பார்ப்பவர்கள் உள்ள சிவகாசி, விருதுநகர் பக்கத்து வீடுகளில் இந்தப் படங்களுக்கு மதிப்பு இன்னும் அதிகம்.

அந்தக் காலத்து ஃபிலிம் கெட்டியானது. வெள்ளி உப்பு பூசிய தகடு அது. இருட்டறையில் கழுவி எடுப்பார்கள். நம் ஊட்டியிலேயே 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே ஃபிலிம் தயாரித்தது. (மலைக்குளிரும் தூசியில்லாத காற்றும் ஃபிலிம் செய்ய ஏற்றவை.) 1990-களில் நலிந்த அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. 1983-ல் ஜப்பானின் ஃபியூஜி, எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கருவியை விற்பனைக்கு விட்டது. கோடக் தன் மருத்துவப் பிரிவை 2007-ல் விற்றுவிட்டது. அதுதான் இன்றைய கேர்ஸ்ட்ரீம்.

இப்போது நிறைய சென்டர்களில் தரும் நீலநிற ஃபிலிம் 'டிரை ஃபிலிம்'. கழுவும் வேலையே கிடையாது. சூட்டில்தான் படம் உருவாகிறது. வம்பும் அங்கேதான்! படம் வந்த பிறகும் அதிகச் சூடு பட்டால் மேலும் கறுத்துவிடும். நம் கந்தக பூமியின் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ, தகரக் கூரைக்கு அடியில் பரணிலோ கிடந்தால் என்ன ஆகும்? அடுப்புப் பக்கமும் கூடாது. உறையோடு பீரோவில் நிமிர்த்தி வையுங்கள், சுருட்டாதீர்கள், மடிக்காதீர்கள். உறைமேல் பெயர், தேதி, எதற்காக எடுத்தது என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. கிரகணத்தன்று பழைய எக்ஸ்ரேயைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்க்கிறார்களே, வேண்டவே வேண்டாம்! வெளிச்சம் குறைந்தாலும் அகச்சிவப்புக் கதிர் உள்ளே போய் விழித்திரையைச் சுட்டுவிடும்.

"செல்போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கேன், போதாதா?" போதாது. டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து எடுத்த போட்டோவில் மெல்லிய நிழல்கள் காணாமல் போய்விடும். டிஜிட்டல் எக்ஸ்ரே என்றால் அசல் பதிவையே சி.டி.யிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். அது 'டைகாம்' என்ற வகைக் கோப்பு. எந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலும் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். படம் எடுத்த அன்றே கேட்பது நல்லது. எல்லா சென்டர்களும் பதிவுகளை வருஷக்கணக்கில் வைத்திருப்பதில்லை. சி.டி.யும் சூடு தாங்காது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி போட்டு வையுங்கள்.